ஷிம்மர் பெடல்: கூசுகிறதா, குழம்புகிறதா, இரைகிறதா? வேறொன்று வாங்குமுன் பார்க்கவேண்டியவை

ஷிம்மர் ரிவர்ப் என்பது கிற்றார் ஒலியின் எதிரொலியை ஸ்தாயி ஏற்றி மேகமாக விரிக்கும் பெடல் ஒலி. திருகோணமலையில் அது அதிகம் கேட்பது இரண்டு இடங்களில்: ஞாயிறு ஆராதனையிலும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில் சீசன் காலத்தில் நடக்கும் மாலைக் கச்சேரிகளிலும். இரண்டு இடத்திலும் முறைப்பாடு ஒன்றுதான்: "இன்ரநெற்றில கேட்ட மாதிரி வரேல்லை அண்ணை, வேற பெடல் எடுக்கவேணும்."

சிலவேளை வேறு பெடல்தான் வேண்டியிருக்கும். பெரும்பாலும் வேண்டியிராது. நான்கு பெடலைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கொழுவிப் பார்த்து ஒன்றை எடுக்கும் வசதி இங்கே குறைவு. கொழும்பிலிருந்து பார்சலில் வந்தது பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவது அதைவிட வில்லங்கம். ஆகவே நோயை முதலில் பிடியுங்கள். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் கையால் சரிசெய்யக்கூடியது எது, பெடலிலேயே இல்லாததால் மாற்றத்தான் வேண்டும் என்பது எது என்று பிரித்துச் சொல்லியிருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். ரிவர்ப்பிலிருந்து வரும் ஒலியில் ஒரு பங்கு சுருதி மாற்றிக்குப் போகிறது. அது ஒரு ஸ்தாயி உயர்த்தி, மறுபடி ரிவர்ப்பின் வாசலில் விடுகிறது. அந்த ஒலி சுற்றிவந்து இன்னொரு ஸ்தாயி ஏறுகிறது. 1980களில் இசைத் தயாரிப்பாளர்கள் பிரையன் ஈனோவும் டானியல் லான்வாவும் ஸ்ரூடியோவில் தனித்தனிப் பெட்டிகளைக் கொழுவிச் செய்ததை இன்று ஒரு சிப் செய்கிறது. திறந்த ஏ தந்தி 110 ஹேர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் அது 220, 440, 880, 1760, 3520 என்று ஏறும். இந்த ஏணியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி தானாக விளங்கும்.

எந்தச் சோதனைக்கும் முன்னர் மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். கிற்றார், ஷிம்மர் பெடல், ஆம்ப், இரண்டு கேபிள், பெடலுக்கென்று தனியாக ஒரு அடப்டர், அவ்வளவுதான். இந்த நிலையில் நோய் காணாமல் போனால் குற்றவாளி பெடல் அல்ல.

ஷிம்மரே கேட்கவில்லை

பெயரைப் பாருங்கள். எல்லாப் பெடலிலும் 'ஷிம்மர்' என்று எழுதியிராது. டிஜிரெக் பொலாராவில் அது 'ஹேலோ', எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ஓஷன்ஸ் 11இல் 'ஷிம்'. பிறகு டிகே குமிழ், அதாவது ரிவர்ப்பின் வால் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை வைக்கும் குமிழ். வால் ஒரு செக்கனில் முடிந்தால் ஒலி இரண்டாம் மூன்றாம் சுற்றுக்குப் போக நேரமே இராது. பன்னிரண்டு மணி நிலையைத் தாண்டித் திருப்பி, ஒரு கோர்ட்டை ஒருமுறை அடித்துவிட்டு, கையை எடுத்து, நான்கு செக்கன் சும்மா இருந்து கேளுங்கள். விடாமல் அடித்துக்கொண்டிருந்தால் ஷிம்மர் தந்திச் சத்தத்துக்குள் மூழ்கிவிடும்.

அப்படியும் வராவிட்டால் அந்தப் பெடலில் சுருதி மாற்றியே இல்லாமல் இருக்கலாம். பாவித்த பெடல் வாங்குவோர் விழும் குழி இது. டீசீ எலெக்ட்ரோனிக் ஹோல் ஒஃப் ஃபேமின் முதற் பதிப்பும் சிவப்பு, இரண்டாம் பதிப்பும் சிவப்பு. குமிழில் ஷிம்மர் இருப்பது இரண்டாம் பதிப்பில் மட்டும். பொஸ் ஆர்வி-5இல் இல்லை, ஆர்வி-6இல் இருக்கிறது. 'மொடியுலேற்' என்ற மோட் (குமிழில் தெரிவுசெய்யும் ஒலி வகை) ஒலியை மெல்ல ஆட்டும், ஸ்தாயி ஏற்றாது. விற்பவர் "அதுவும் இதுவும் ஒண்டுதான் தம்பி" என்றால் தலையை ஆட்டிவிட்டு, மோட் குமிழைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கண்ணாடியில் நகம் கீறுவதுபோல் கூசுகிறது

வேறு பெடல் வாங்கவைக்கும் முதற்காரணம் இதுதான். அநேகமாகப் பெடலில் பிழை இராது.

கிற்றார் ஆம்பிலுள்ள 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 5000 ஹேர்ட்ஸுக்கு மேல் ஒலியை வேகமாக விழுத்திவிடும். ஷிம்மரின் மேல்படிகள் அந்த இடத்தில் தாமாகவே மழுங்கும். அதே பெடலிலிருந்து நேரே மிக்ஸருக்குக் கேபிள் கொடுத்தால், மண்டபத்து ஸ்பீக்கரின் ட்வீற்றர் எல்லாப் படியையும் அப்படியே கொட்டும். இங்கே பல ஆலயங்களில் ஆம்ப் வைக்க இடமில்லாமல் மேடைப் பெட்டியில் நேரே கொழுவுவதால்தான், வீட்டில் தேனாக இருந்தது அங்கே ஊசியாகிறது.

அடுத்தது வாசிக்கும் இடம். முதல் தந்தியின் 12ஆம் ஃப்ரெற் 659 ஹேர்ட்ஸ். அங்கிருந்து 1319, 2637, 5274, நாலாம் சுற்றில் 10,548. அதில் இசை இல்லை, சீறல்தான் மிஞ்சும். ஷிம்மருக்குக் கீழ்த்தந்தி மூன்றும், ஐந்தாம் ஃப்ரெற்றுக்கு இந்தப்பக்கமும் தான் வளமான நிலம்.

இந்த ஒழுங்கில் திருத்துங்கள்:

1. நெக் பிக்கப்புக்கு மாறி, கிற்றாரின் டோன் குமிழை 6 அல்லது 7க்குக் குறையுங்கள்.
2. பெடலின் டோனை ஒன்பது, பத்து மணி நிலைக்கு இறக்குங்கள்.
3. மிக்ஸ் அல்லது லெவலை, நேரடி ஒலிக்குக் கீழே படுத்திருக்கும் அளவுக்குக் குறையுங்கள். தனியாக வாசிக்கையில் "காணாது" என்று தோன்றும் அளவு, குழுவோடு சேரும்போது சரியாக இருக்கும்.
4. நேரே மிக்ஸருக்குப் போகிறீர்கள் என்றால் இடையில் ஒரு கெப் சிமுலேற்றர் (ஆம்ப் ஸ்பீக்கரின் ஒலியைப் போலச் செய்யும் கருவி) வேண்டும். இல்லாவிட்டால் மிக்ஸரில் அந்தச் சனலின் 'ஹை' குமிழை இடப்பக்கம் நன்றாக வெட்டுங்கள். டிஜிற்றல் மிக்ஸராக இருந்தால் 5000, 6000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ளதை மூடிவிடலாம்.

நான்கும் செய்தும் கூசினால் அது பெடலின் குறை: திரும்பத் திரும்பச் சுற்றும் ஒலியின் மேற்பகுதியைத் தனியாக மழுக்க அதில் வழி இல்லை. ஸ்ட்ரைமன் புளூஸ்கையில் 'லோ டாம்ப்', 'ஹை டாம்ப்', 'ப்ரீ-டிலே' (ரிவர்ப் தொடங்குமுன் விடும் இடைவெளி) மூன்றுக்கும் தனிக் குமிழ் உண்டு. சின்னப் பெடல்களில் டோனுக்கென்று ஒரே குமிழ்தான் இருக்கும். மூவர் ஷிம் வேர்ப்பில் அதன் பெயர் 'கலர்'. சிறு தயாரிப்பாளர் பலர் பாவிக்கும் எஃப்வி-1 என்ற சிப்புக்கே மூன்று குமிழ் வாசல்தான் இருக்கிறது. நாலாவது குமிழ் வேண்டுமென்றால் அதைச் சிப்புக்கு வெளியே, வேறு சுற்றில் தான் செய்யவேண்டும். ஆகவே வாங்கும்போது மோட்டுகளை எண்ணாதீர்கள், டோனுக்கு எத்தனை குமிழ் என்று பாருங்கள். பதினொரு மோட்டில் பத்தை ஒருவரும் தொடுவதில்லை.

கோர்ட் மாறும்போது எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகிறது

பழைய கோர்ட்டின் வால் புதிய கோர்ட்டின் மேல் விழுகிறது. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 60ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்து, கோர்ட் நிற்கும் அடிகளால் பெருக்குங்கள். வேகம் 72, கோர்ட் நான்கு அடிக்கு ஒருமுறை மாறுகிறது என்றால்: 60 ÷ 72 × 4 = 3.3 செக்கன். டிகே இதைத் தாண்டக்கூடாது. சுருதி மாற்றி ஒலியைத் திருப்பித் திருப்பி ஊட்டுவதால் ஷிம்மரின் வால் சாதாரண ஹோல் மோட்டைவிட நீளமாகவே கேட்கும். எனவே 2.5 செக்கனிலிருந்து தொடங்குங்கள். குமிழில் செக்கன் எழுதியிராவிட்டால், கோர்ட்டை அடித்து நிறுத்தி, ஃபோனின் ஸ்ரொப்வோச்சில் வால் மறையும் வரை எண்ணினால் போதும்.

இரண்டு அடிக்கு ஒருமுறை கோர்ட் மாறும் பாட்டு ஷிம்மருக்கு உகந்ததல்ல. அங்கே பெடலை அணைப்பதுதான் திருத்தம்.

ஸ்தாயிக்குப் பதிலாகப் பஞ்சமம் ஏற்றும் வசதியுள்ள பெடல்களில் குழப்பத்துக்கு வேறொரு வேர் இருக்கிறது. இதைச் சுரத்தில் பார்ப்பதுதான் நமக்கு லேசு. ஸ-வை வாசித்தால் முதற்சுற்றில் ப. அதற்குப் பஞ்சமம் ரி2. அடுத்து த2, அடுத்து க3. இதுவரை வந்தது ஸ ரி2 க3 ப த2, அதாவது மோகனம். காதுக்கு இதமாகத்தான் இருக்கும். இன்னும் சுற்றவிட்டால் நி3 வரும், அதன்பின் ம2. இப்போது கல்யாணியில் நிற்கிறீர்கள். பாட்டு சங்கராபரணத்தில், ம1இல் இருந்தால் அந்த ம2 எலுமிச்சம்பழம் பிழிந்த பாலாக்கிவிடும். மைனர் கோர்ட்டில் நிலைமை இன்னும் மோசம்: க2 ஒலித்துக்கொண்டிருக்கும் இடத்தில் நாலாம் சுற்றிலேயே க3 வந்து மோதும். பஞ்சம ஷிம்மரில் மூன்று சுற்றுக்கு மேல் கேட்காதபடி டிகேயைக் கட்டுங்கள். அல்லது ஸ்தாயியோடு நின்றுகொள்ளுங்கள்.

ஷிம்மரில் ஏறும் குரல்களை (சுருதி மாற்றியின் ஒலிகளை) தனித்தனியே சுருதி சேர்க்கும் வசதி ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை போன்ற பெரிய பெடல்களில் இருக்கிறது. அது உங்களுக்கு வேண்டுமா என்பதற்கு ஒரு சோதனை: மேலே சொன்ன ஸ, ப, ரி வரிசை காதில் பிடிபட்டால் வேண்டும், பிடிபடாவிட்டால் அந்தக் காசை மிச்சப்படுத்தலாம்.

குழம்புவதற்கு இன்னொரு காரணம் வரிசை. ஷிம்மருக்குப் பின்னால் டிஸ்ரோர்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) வைத்தால் வால் முழுவதும் அரைபட்டுக் கஞ்சியாகிவிடும். கிற்றார், ட்யூனர், கொம்ப்ரெசர், ஓவர்டிரைவ், வொல்யூம் பெடல், டிலே, ஷிம்மர், ஆம்ப் என்பதுதான் பாதுகாப்பான ஒழுங்கு. வொல்யூம் பெடல் ஷிம்மருக்கு முன்னால் நின்றால், அதை மூடிய பிறகும் வால் தொங்கும். ஆம்பையே கரகரக்க வைத்து வாசிப்பவர்கள் ஷிம்மரை ஆம்பின் பின்புறமுள்ள எஃபெக்ட்ஸ் லூப்பில், சென்டுக்கும் ரிட்டேர்னுக்கும் இடையில் கொழுவவேண்டும். லூப்பில் பலமாக அடிக்கும்போது மட்டும் வெடித்தால், லூப்பின் மட்டம் பெடலுக்கு அதிகம். லூப் லெவல் சுவிட்ச் இருந்தால் -10 பக்கம் தள்ளுங்கள்.

சுருதி விலகினதுபோல் கேட்கிறது

தந்திதான் விலகியிருக்கிறது, ஷிம்மர் அதைப் பெருப்பித்துக் காட்டுகிறது. 110 ஹேர்ட்ஸில் கீபோர்டிலிருந்து ஒரு ஹேர்ட்ஸ் விலகியிருந்தால், மூன்று ஸ்தாயி மேலே, 880இல், அது 8 ஹேர்ட்ஸ் விலகல். செக்கனுக்கு ஒருமுறை ஆடியது எட்டுமுறை ஆடும். பெடலைப் போடுமுன் ட்யூனரைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஆர்மோனியத்தோடு வாசிப்பதென்றால் ட்யூனரின் 440ஐ மறந்துவிட்டு ஆர்மோனியத்துக்குச் சேருங்கள். ஷிம்மருக்கு 440 என்ற எண் தெரியாது, கொடுத்ததைத்தான் ஏற்றும்.

சரியாகச் சுருதி சேர்த்த பிறகும் வாலில் ஒரு நடுக்கம் கேட்டால், அது சுருதி மாற்றி ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவதன் தழும்பு. மலிவான பெடல்களில் கூடுதலாகக் கேட்கும். அதைத் திருத்த முடியாது. சிலருக்கு அதுதான் பிடிக்கும் என்பது வேறு கதை.

'உய்ங்' என்று கீச்சிடுகிறது, அல்லது 'ம்ம்ம்' என்று முனகுகிறது

இரண்டும் இரண்டு நோய்கள்.

உயர்ந்த, மெல்லிய 'உய்ங்' டிஜிற்றல் பெடலின் கடிகாரச் சத்தம். ஒரே அடப்டரிலிருந்து மாலைபோலக் கோர்த்த வயரால் ஓவர்டிரைவுக்கும் ஷிம்மருக்கும் கரண்ட் கொடுக்கும்போது, பெடல்களின் நெகற்றிவ் வயராலும் ஒலிக் கேபிளின் உறையாலும் இரண்டு வழியில் இணைந்து ஒரு வளையமாகிறது. ஷிம்மரின் சிப் இழுத்து இழுத்து விடும் கரண்ட் அந்த வளையத்தால் ஓவர்டிரைவுக்குள் நுழைகிறது. ஓவர்டிரைவ் அதைப் பெருப்பிக்கிறது. ஷிம்மர் அதையும் ஒரு ஸ்தாயி ஏற்றி வைக்கிறது.

பிடிக்கும் வழி: ஓவர்டிரைவை 9 வோல்ற் பற்றரியில் ஓட்டுங்கள். உய்ங் நின்றால் காரணம் மாலை வயர். வேறு பெடல் தேவையில்லை, ஒவ்வொரு வாசலும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை தான் தேவை. பெட்டியில் எட்டு வாசல் இருக்கிறது என்பதற்காக அது பிரிக்கப்பட்டது என்று நம்பவேண்டாம். மலிவான பலவற்றில் எட்டும் உள்ளே ஒரே வயர்தான். மல்ற்றிமீற்றரை 'பீப்' நிலையில் வைத்து, ஒன்றும் கொழுவாத இரண்டு வாசல்களின் நடுப்பின்களைத் தொடுங்கள். பீப் அடித்தால் பிரிக்கப்படவில்லை.

அடித்தொண்டை முனகல் மெயின்ஸின் 50 ஹேர்ட்ஸ், அல்லது அதன் இரட்டிப்பான 100. கிற்றாரின் வொல்யூமை மூடினால் நின்றால் பிக்கப் வாங்கும் சத்தம். சிங்கிள் கோயில் பிக்கப்பை ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்தும் மங்கல் சுவிட்ச் போட்ட விளக்குகளிலிருந்தும் திருப்பிப் பிடியுங்கள். மூடியும் நிற்காவிட்டால் எர்த் வளையம். ஆம்ப் ஒரு பிளக் பொயின்ற்றிலும், மிக்ஸர் மண்டபத்தின் மறுகோடியில் இன்னொன்றிலும் இருப்பதுதான் வழக்கமான காரணம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனுக்குக் கொண்டுவாருங்கள்.

முனகலை நிறுத்த எர்த் பின்னை உடைப்பது, எர்த் வயரை வெட்டுவது வேண்டவே வேண்டாம். தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்றால் வாசிப்பை நிறுத்தி மெயினை அணையுங்கள். அந்த இடத்து எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மேடை ஏறவேண்டாம். ஈர மணலில் வெறுங்காலோடு வாசிக்கும் கடற்கரைக் கச்சேரியில் இது உயிர்ப் பிரச்சினை.

ஹ்ஸ் என்ற சீறல் மட்டும் என்றால் ஷிம்மருக்கு முன்னால் கொம்ப்ரெசர் அதிகம் திறந்திருக்கிறது. நோய்ஸ் கேற் (வாசிக்காதபோது சத்தத்தை மூடும் பெடல்) வைப்பதானால் ஷிம்மருக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் வாலை அது கடித்துவிடும்.

எரியவில்லை; எரிந்தாலும் நடுவில் அணைந்து எரிகிறது

ஓவர்டிரைவ் ஒன்று சில மில்லி அம்பியரில் ஓடிவிடும். ஷிம்மருக்குள் சிறு கம்பியூட்டர் ஒன்று இருக்கிறது, அது தின்னும். ஆர்வி-6க்கு 95 மில்லி அம்பியர், ஹோல் ஒஃப் ஃபேம் 2க்கு 100, புளூஸ்கைக்கு 250, பிக்ஸ்கைக்கு 300. சப்ளையின் 100 மில்லி அம்பியர் வாசலில் புளூஸ்கையைக் கொழுவினால் விளக்கு எரியலாம், ஒலி வராது, அல்லது திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொண்டே இருக்கும். கூடுதல் அம்பியருள்ள சப்ளையால் ஆபத்தில்லை. பெடல் தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும். கூடுதல் வோல்ற்தான் கொல்லும்.

மீற்றரை டீசீ 20 வோல்ற்றில் வைத்து, சிவப்புக் கம்பியை அடப்டர் முனையின் நடுத்துளைக்குள்ளும், கறுப்பை வெளி உலோகத்திலும் தொடுங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு நடு நெகற்றிவ், ஆகவே திரையில் -9 என்று கழித்தல் குறியோடு வரவேண்டும். குறியில்லாமல் 9 வந்தால் திசை மாறியது, கொழுவவேண்டாம். -13, -14 வந்தால் அது கட்டுப்பாடில்லாத பழைய அடப்டர், ரவுட்டருக்கோ ரேடியோவுக்கோ வந்ததாக இருக்கும். அதையும் தள்ளிவையுங்கள். விதிவிலக்கு ஈவன்டைட் ஸ்பேஸ்: அதற்கு நடு பொசிற்றிவ், 500 மில்லி அம்பியர், பின் துளையும் கொஞ்சம் பெரிது. அதை வாங்கினால் அதன் சொந்த அடப்டரோடு வாங்குங்கள்.

கனடாவிலிருந்து மாமா அனுப்பிய பெடலோடு வந்த அடப்டரின் முதுகைப் படியுங்கள். 'இன்புட் 100-240' என்றிருந்தால் பின்னை மாற்றும் சொக்கற் ஒன்று போதும். '120' மட்டும் இருந்தால் நம் 230 வோல்ற்றில் கொழுவிய கணத்தில் போய்விடும். கையில் கனமான, கட்டையான அடப்டர் என்றால் அநேகமாக அந்த வகை. பெடலுக்கு ஒன்றுமில்லை, இங்கே 9 வோல்ற் அடப்டர் ஒன்று வாங்கினால் சரி. இங்கிலாந்திலிருந்து வந்தது மூன்று சதுரப் பின்னோடு நேரே ஏறும்.

கரண்ட் போய் ஜெனரேற்றர் தொடங்கும் இடங்களில், அது சீராக ஓடத்தொடங்கி ஒரு நிமிடம் கழியும்வரை பெடல் சப்ளையைக் கழற்றி வைத்திருங்கள். மாற்றும் நேரத்துக் குதிப்புத்தான் டிஜிற்றல் பெடல்களைக் கெடுக்கும்.

கரகரக்கிறது, விட்டுவிட்டு வருகிறது

உப்புவெளிக்குப் பெயரிலேயே உப்பு. வாடைக்காற்றுக் காலத்தில் டச் பே பக்கத்து ஜன்னல் கம்பியைத் துடைத்த விரலை நக்கிப்பார்த்தால் கரிக்கும். அதே உப்பு ஜாக்கினுள்ளும் படிகிறது. ஷிம்மர் இந்த நோயை மற்றப் பெடல்களைவிடக் கேவலமாகக் காட்டும்: ஒரு சின்ன 'டிக்' ரிவர்ப்புக்குள் போய், ஸ்தாயி ஏறி, மூன்று செக்கன் தூவானமாக விழும். பெடல் செத்துவிட்டது என்று நினைக்கவைப்பது இதுதான்.

கேபிளின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நுனிக்கும் தண்டுக்கும் இடையில் ஒரு கறுப்பு வளையம் தெரியும், அது பிளாஸ்ரிக், அதைப்பற்றிக் கவலை இல்லை. நுனியின் கழுத்துப்பள்ளத்தைப் பாருங்கள். ஜாக்கினுள்ளே இருக்கும் தகட்டின் வளைவு உட்காருவது அந்தப் பள்ளத்தில்தான். அங்கே மங்கலோ பச்சைக் களிம்போ இருந்தால் வெள்ளை அழிறப்பரால் சுற்றித் தேயுங்கள். அரத்தாள் கூடாது. நிக்கல் பூச்சு போய்ப் பித்தளை வெளிப்பட்டால் அடுத்த மாரிக்குள் முழுதும் பச்சை.

ஜாக்குக்கு: கரண்ட்டைக் கழற்றுங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் அல்கஹோலைக் காதுக்குச்சி ஒன்றில் நனைத்து, உள்ளே விட்டு, தகடு தட்டுப்படும் பக்கம் அழுத்தித் துடையுங்கள். பஞ்சு கறுத்து வரும். கறுக்காமல் வரும்வரை குச்சியை மாற்றுங்கள். பின்னர் பிளக்கைப் பத்துத்தடவை செருகி இழுத்து, பத்து நிமிடம் காயவிட்டுக் கரண்ட் கொடுங்கள். குமிழ் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், மின்சாதனத்துக்கென்று விற்கும் கொன்ராக்ற் கிளீனரைக் குமிழின் அடியில் ஒரே ஒரு துளி அடித்து, முப்பது தடவை முழுவதும் திருப்புங்கள். தையல் மெஷின் எண்ணெயோ தேங்காயெண்ணெயோ விட்டால் தூசியைக் கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி.

சுத்தம் செய்த பிறகும் பிளக்கை மெல்ல ஆட்டும்போது விட்டுப்போனால் ஜாக்கின் நட்டு தளர்ந்திருக்கும். கையால் இறுக்கி, ஸ்பானரால் கால் சுற்று, அதற்குமேல் வேண்டாம். அதற்கும் மசியாவிட்டால் உள்ளே ஈய ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. ரேடியோ திருத்துபவரிடம் கொடுத்தால் போதும், புதுப்பெடல் தேவையில்லை. வைக்கும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகள் ஐந்தாறு போட்டு மூடிவையுங்கள். துணிப்பை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும்.

மிதித்ததும் சத்தம் விழுகிறது

கிற்றாரின் நேரடி ஒலி காணாமல் போய் மேகம் மட்டும் வந்தால் 'கில் ட்ரை' (நேரடி ஒலியை வெட்டும் சுவிட்ச்) போடப்பட்டிருக்கிறது, அல்லது மிக்ஸ் முழுதாக வலப்பக்கம் போயிருக்கிறது. ஸ்ரீரியோ வாசல் உள்ள பெடலில் ஒரே கேபிள் பாவிக்கும்போது 'மோனோ' என்று எழுதிய வாசலில்தான் போகவேண்டும். பெடல் அணைந்திருக்கும்போது ஒலி மழுங்குவது வேறு நோய்: மொத்தக் கேபிள் ஆறேழு மீற்றரைத் தாண்டி, எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸாக (அணைத்ததும் ஒலியை உள்சுற்றைத் தொடாமல் நேரே விடும் வகையாக) இருந்தால் கேபிள் உயர்ஒலியைத் தின்னும். வரிசையில் பஃபர் (ஒலியைப் பலப்படுத்தி அனுப்பும் சுற்று) உள்ள ஒரு பெடல் இருந்தால் போதும்.

அணைத்ததும் வால் அறுந்துபோகிறது

ட்ரூ பைபாஸ் பெடல் அப்படித்தான் செய்யும். ஜெபத்துக்கு இறங்கும் இடத்தில் சட்டென்று வெட்டுவது சபைக்கே கேட்கும். 'ட்ரெயில்ஸ்' அல்லது 'டெயில்ஸ்' வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். சிலவற்றில் அது உள்ளே சின்ன சுவிட்சாக இருக்கும். இல்லாவிட்டால் அணைக்காமல், முன்னால் நிற்கும் வொல்யூம் பெடலை மூடுங்கள். ஆராதனைக்கென்று புதிதாக வாங்குபவர் ஷிம்மரின் தரத்தைவிட இதை முதலில் பார்ப்பது நல்லது.

வீட்டில் அழகு, மண்டபத்தில் சேறு

உயர்ந்த கூரை, சீமெந்துச் சுவர், ஓட்டு நிலம். மண்டபத்துக்கே சொந்தமாக எதிரொலி உண்டு. வெறும் மண்டபத்தில் ஒருமுறை கைதட்டி, வால் எத்தனை செக்கன் என்று கேளுங்கள். இரண்டு வந்தால் பெடலின் டிகேயைக் குறைக்கலாம். ப்ரீ-டிலே 60, 80 மில்லிசெக்கன் இருந்தால் தந்தியின் தட்டல் முன்னே தெளிவாக நிற்கும், மேகம் பின்னால் வரும். 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே மிக்ஸரில் வெட்டினால் பேஸ் கிற்றாருக்கு இடம் கிடைக்கும். ஆட்கள் நிரம்பியதும் எதிரொலி குறையும். வெறும் மண்டபத்தில் வைத்த அளவைக் கொஞ்சம் கூட்டவேண்டிவரும்.

மொனிற்றர் ஊளையிட்டால், ஷிம்மர் பாடகரின் மைக்குக்குள் திரும்பிப் போகிறது. மேலே ஏறிய சுரங்கள்தான் முதலில் பற்றும். மொனிற்றரில் கிற்றாரைக் குறையுங்கள். மிக்ஸருக்குப் பின்னால் இருப்பவர் "தம்பி, கிற்றாரைக் கொஞ்சம் இறக்கு" என்றால் வொல்யூமை அல்ல, மிக்ஸ் குமிழைத் தொடுங்கள். அவர் காதில் விழுந்தது அநேகமாக வால்தான்.

பாவித்த பெடலைக் கையில் வாங்கும்போது

உங்கள் சொந்த அடப்டரையும் கேபிளையும் கொண்டுபோங்கள். ஏ தந்தியை ஒருமுறை அடித்து, டிகேயை முழுதாகத் திறந்து, ஏணியின் படிகளை எண்ணுங்கள்: மூன்றாவது நாலாவது படி தெளிவாகக் கேட்கவேண்டும். எல்லாக் குமிழையும் மெதுவாக ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் திருப்புங்கள். மோட் குமிழின் ஒவ்வொரு கட்டத்திலும் நில்லுங்கள், இடையில் மௌனம் இருந்தால் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. காற்சுவிட்சை இருபது தடவை மிதியுங்கள். அடியிலுள்ள நான்கு ஆணிகளின் தலையில் துருவோ, பவர் வாசலில் பச்சையோ இருக்கிறதா என்று ஃபோன் வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் உள்ளேயும் இருக்கும். ஹோல் ஒஃப் ஃபேம் 2 என்றால் குமிழை டோன்பிரின்ற் நிலையில் வைத்து, ஃபோனில் டோன்பிரின்ற் செயலியைத் (பெடலுக்கு ஒலி அமைப்புகளை அனுப்பும் செயலி) திறந்து, ஃபோன் ஸ்பீக்கரைக் கிற்றார் பிக்கப்போடு ஒட்டிப்பிடித்து ஒரு ஷிம்மர் அமைப்பை அனுப்பிப் பாருங்கள். ஏறினால் உள்ளே இருக்கும் மூளை வேலை செய்கிறது.

கடைசியாக, பெடலைப் போட்டபடி அரைமணி நேரம் விடுங்கள். சூடேறிய பிறகு வரும் வெடிப்பும் மௌனமும் முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது. அந்த அரைமணியை விற்பவர் தர மறுத்தால், பெடலை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.